லீக் இரவுக்கு எழுபது கேள்விகள்: எதை எடுப்பது, எதை விடுவது

"எங்கள் வினாடி வினா லீக்கில் அணிகள் முறை வைத்துக் கேள்வி தயாரிக்கின்றன. அடுத்த மாதம் எங்கள் முறை. எழுபது பொது அறிவுக் கேள்விகள் வேண்டும். எங்கிருந்து எடுப்பது, எப்படி அமைப்பது, நல்ல கேள்விக்கு அடையாளம் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். நெடுநாளாகக் கேள்வி எழுதிவருகிறேன். இந்த வேலையில் எனக்குப் பிடிபட்டதை விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் எழுதப்போவது தேர்வுத்தாள் என்று நினைத்துத் தொடங்கினால் எல்லாமே பிசகிவிடும். தேர்வில் ஒருவர் தனியாக உட்கார்ந்து நினைவைத் துழாவுகிறார். குயிஸ் மேசையில் நான்கு பேர் தலையைச் சேர்த்துவைத்துக் கிசுகிசுக்கிறார்கள். ஒருவருக்குப் பாதி தெரியும், இன்னொருவருக்குக் கால்வாசி. மூன்றாமவர் அந்த இரண்டையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் இதுவாகத்தான் இருக்க வேண்டும்" என்கிறார். அந்தக் கிசுகிசுப்புக்காகத்தான் வாரந்தோறும் ஆட்கள் வருகிறார்கள். மேசையில் பேச்சைக் கிளப்பும் கேள்வி நல்ல கேள்வி. கேட்டதும் நால்வரும் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தால், தகவல் எவ்வளவு அரியதாக இருந்தாலும் அந்தக் கேள்வி வீண்.

ஒரு கேள்வி உருவாவதை அருகில் வைத்துப் பார்ப்போம். ஹீலியம் விடையாக வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அணு எண் 2 கொண்ட தனிமம் எது?" என்று கேட்கலாம். வேதியியல் படித்தவர் எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைப்பார். மற்றவர்களுக்கு வழியே கிடையாது. பேசுவதற்கும் ஒன்றுமில்லை. சரி, "சூரியனில் முதலில் கண்டறியப்பட்ட தனிமம் எது?" என்று மாற்றுகிறோம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கேள்வியே பிழை. சூரியனில் சோடியம் இருப்பதை 1859இலேயே கிர்க்காஃப் என்ற இயற்பியலாளர் கண்டு சொல்லிவிட்டார். "பூமியில் கிடைப்பதற்கு முன்பே" என்ற மூன்று சொற்கள் விடுபட்டதால் கேள்வி வேறொன்றாகிவிட்டது. ஆகவே மூன்றாவது முறையாக எழுதுகிறோம்:

"ஒரு தனிமத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். 1868இல் சூரிய ஒளியின் நிறமாலையில், அதுவரை யாரும் அறிந்திராத ஒரு மஞ்சள் கோடாக அது தென்பட்டது. பூமியில் அதைப் பிரித்தெடுக்க 1895 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிரேக்கர்களின் சூரியக் கடவுளுடைய பெயரையே அதற்கு வைத்தார்கள். அது எது?"

இதில் பிடித்து ஏறுவதற்கு எத்தனை பிடிகள் என்று பாருங்கள். அறிவியல் வரலாறு தெரிந்தவர் 1868 என்றதுமே நிமிர்வார். புராணக் கதைகளில் நாட்டமுள்ளவர் "ஹீலியோஸ்" என்பார். பக்கத்தில் இருப்பவர் வேதியியலைத் தொட்டே பார்க்காதவராக இருந்தாலும், "ஹீலியோஸ் என்றால் ஹீலியம்தானே, பலூனில் அடைப்பார்களே" என்று முடித்துவைப்பார். விடை தெரியாமல் போன அணிகூட அறிவிப்பைக் கேட்டதும் "அடடா, எட்டியிருக்கலாமே" என்று நெற்றியில் தட்டிக்கொள்ளும். எழுபது கேள்விகளில் ஐம்பதாவது இந்த வகையில் அமைந்துவிட்டால் இரவு சிறப்பாகப் போகும்.

மேலே உள்ள கேள்வி "ஒரு தனிமத்தின் பெயரைச் சொல்ல வேண்டும்" என்று தொடங்குவதையும் கவனியுங்கள். தமிழில் வினாச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். எச்சங்களை அடுக்கி ஒரே வாக்கியமாக எழுதிவிட்டால், கேட்பவருக்குத் தாம் ஓர் ஊரைத் தேட வேண்டுமா, ஆளைத் தேட வேண்டுமா என்பதே இறுதிச் சொல் வரும்வரை தெரியாது. அதற்குள் முதல் குறிப்பு மறந்துபோயிருக்கும். தாளில் படிக்கும்போது இந்தக் குறை தெரியாது. ஒலிபெருக்கியில் வாசிக்கும்போதுதான் தெரியும். எனவே எதைத் தேட வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள், குறிப்புகளைச் சின்ன வாக்கியங்களாக உடையுங்கள், முடிவில் வினாவைப் போடுங்கள்.

தமிழில் நமக்கு ஒரு வசதியும் உண்டு. "அவர்" என்ற சொல் ஆணா பெண்ணா என்பதைக் காட்டிக்கொடுக்காது. "இரண்டு வெவ்வேறு அறிவியல் துறைகளில் நோபல் பரிசு பெற்ற ஒரே நபர். முதல் பரிசு 1903இல், இரண்டாவது 1911இல். யார் அவர்?" என்று கேட்டால், மேரி கியூரியின் பெயர் வெளியே வருவதற்குள் மேசையில் ஐந்தாறு ஆண்களின் பெயர்கள் அடிபடும்.

இதே கேள்வியை "இரண்டு முறை நோபல் பெற்றவர் யார்?" என்று சுருக்கிக் கேட்டால் என்ன ஆகும்? கியூரி சரி. வேதியியலுக்கும் அமைதிக்கும் பெற்ற லைனஸ் பாலிங்கும் சரி. இயற்பியலில் இரண்டு முறை பெற்ற ஜான் பார்டீன், வேதியியலில் இரண்டு முறை பெற்ற ஃபிரெடெரிக் சாங்கர், அதேபோல் 2001இலும் 2022இலும் பெற்ற பேரி ஷார்ப்லெஸ் எல்லாருமே சரி. ஐந்து சரியான விடைகள், தாளில் ஒன்றுதான். தவறென்று சொல்லப்பட்ட அணி எழுந்து நிற்கும், நியாயமாகவே நிற்கும்.

இங்கேதான் கேள்வி எழுதுபவரின் உண்மையான உழைப்பு இருக்கிறது. தகவலைத் தேடிப்பிடிப்பது எளிது. அந்தத் தகவலுக்கு நான்கு பக்கமும் வேலி போடுவதுதான் கடினம். விடை ஒன்றே ஒன்றாக நிற்கும்வரை கேள்வியை இறுக்க வேண்டும். "ஒரே", "முதல்", "மிகப் பெரிய" ஆகிய மூன்று சொற்கள் உங்கள் தாளில் எங்கே வந்தாலும் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டு, மறுபடியும் சரிபாருங்கள்.

நான் கேள்வி எழுதத் தொடங்கிய காலத்தில் "முட்டையிடும் ஒரே பாலூட்டி எது?" என்று கேட்டேன். தாளில் நான் எழுதிவைத்திருந்த விடை பிளாட்டிபஸ். கடைசி மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "எக்கிட்னாவும் முட்டைதானே இடுகிறது?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. எக்கிட்னா என்னும் முள் எறும்புண்ணியும் முட்டையிடும் பாலூட்டிதான். அதிலேயே நான்கு இனங்கள் இருக்கின்றன. இரண்டு விடைகளையும் ஏற்று அந்தக் கேள்வியைச் சரிக்கட்டிவிட்டேன். ஆனால் அதன்பிறகு அந்த இரவு முழுவதும் நான் அறிவித்த ஒவ்வொரு விடைக்கும் யாராவது ஒருவர் புருவத்தை உயர்த்தினார். ஒரு தவறான கேள்வி ஒரு புள்ளியோடு போவதில்லை, மீதிக் கேள்விகள்மீது இருந்த நம்பிக்கையையும் கூடவே கொண்டுபோகிறது.

"உலகின் மிக உயரமான மலை" என்பதும் இந்த வகைதான். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட், 8,848.86 மீட்டர். அடிவாரத்திலிருந்து அளந்தால் ஹவாயின் மௌனா கியா 10,000 மீட்டரைத் தாண்டும். ஆனால் அதில் 4,207 மீட்டர்தான் கடலுக்கு மேலே தெரிகிறது. பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரில் உள்ள சிம்போராசோ எரிமலையின் உச்சிதான் மிகத் தொலைவு. "கடல் மட்டத்திலிருந்து" என்று சேர்த்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடும். நானாக இருந்தால் அந்தச் சண்டையையே கேள்வியாக்குவேன்: "ஒரு நாட்டின் பெயரைச் சொல்ல வேண்டும். அங்குள்ள சிம்போராசோ எரிமலையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 6,263 மீட்டர்தான். ஆனாலும் பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருப்பது அதன் உச்சியே, எவரெஸ்ட் அல்ல. அது எந்த நாடு?" மலையின் பெயரைக் கேள்வியே பட்டிராத அணியும் இதை யோசித்துப் பிடிக்கலாம். பூமி நடுவில் சற்றுப் புடைத்திருக்கிறது. அப்படியானால் நிலநடுக்கோட்டின் அருகே இருக்க வேண்டும். அங்கே உயர்ந்த மலைகள் என்றால் ஆண்டிஸ். நிலநடுக்கோட்டையே பெயராக வைத்திருக்கும் நாடு ஈக்வடார். நினைவில் இல்லாத விடையை நான்கு பேர் சேர்ந்து கட்டியெழுப்புவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதைவிடக் கேள்வி எழுதுபவருக்கு வேறு மகிழ்ச்சி கிடையாது.

"முதல்" என்ற சொல்லுக்கு துருவங்கள் நல்ல பாடம். தென் துருவத்தை முதலில் அடைந்தது ருவால் அமுண்ட்சென் குழு, 1911 டிசம்பர் 14. யாரும் மறுப்பதில்லை, தயங்காமல் கேட்கலாம். வட துருவமோ வழக்காடிக்கொண்டே இருக்கும் விஷயம். ஃபிரெடெரிக் குக் 1908இல் அடைந்ததாகச் சொன்னார், ராபர்ட் பியரி 1909இல் அடைந்ததாகச் சொன்னார், இருவர் சொன்னதும் இன்றுவரை சந்தேகத்துக்கு உள்ளாகிறது. ஒரே மாதிரி தோன்றும் இரண்டு கேள்விகளில் ஒன்று பாறை, மற்றது பனிக்கட்டி.

சில தகவல்களில் சொல்லே இரண்டு பொருள் கொள்ளும். "வெள்ளிக் கோளில் ஒரு நாள் ஓர் ஆண்டைவிட நீளம்" என்று எல்லாத் தொகுப்புகளிலும் பார்க்கலாம். தன்னைத்தானே ஒருமுறை சுற்ற வெள்ளிக்கு 243 பூமி நாட்கள், சூரியனைச் சுற்றிவர 225 நாட்கள். அந்தக் கணக்கில் சரிதான். ஆனால் "நாள்" என்பதை ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம்வரை என்று கொண்டால், வெள்ளி எதிர்த்திசையில் சுழல்வதால் அது சுமார் 117 பூமி நாட்கள்தான், ஆண்டின் பாதி. வானியல் தெரிந்த ஒருவர் அரங்கில் இருந்தால் உங்கள் பாடு திண்டாட்டம். "தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எடுக்கும் காலம், சூரியனைச் சுற்றும் காலத்தைவிட நீளமாக இருக்கும் கோள் எது?" என்று கேட்டால் எந்தப் பக்கமும் ஓட்டை இல்லை.

வெள்ளி என்றதும் இன்னொன்று. "ஓர் உலோகம், ஒரு கோள், ஒரு கிழமை: மூன்றுக்கும் ஒரே பெயர். அது என்ன?" இது தமிழில் இயல்பாகவே அமையும் கேள்வி. பிறமொழித் தொகுப்புகளிலிருந்து எடுத்து மொழிபெயர்க்கும் அவசரத்தில் நம் மொழிக்குள்ளேயே கிடக்கும் இத்தகைய கேள்விகளை விட்டுவிடுகிறோம். தாளில் நான்கைந்தாவது இப்படி இருக்கட்டும். மொழிபெயர்த்த கேள்விகளையும் ஒருமுறை இந்தக் கண்ணால் பாருங்கள்: மூலமொழியில் சொல்விளையாட்டாக இருந்தது தமிழில் வெறும் புதிராக நிற்கும்.

இனி, பழுத்து உதிர்ந்த கேள்விகள். பழைய தொகுப்புகளில் விடை மாறிப்போனவை ஏராளம். "தனிம அட்டவணையின் குறியீடுகளில் இடம்பெறாத ஒரே ஆங்கில எழுத்து எது?" என்று கேட்டு, "ஜே" என்று விடை கொடுத்திருப்பார்கள். ஒருகாலத்தில் சரி. 114ஆம் தனிமத்தின் தற்காலிகக் குறியீட்டில் "கியூ" இருந்தது. 2012இல் அதற்கு ஃப்ளெரோவியம் என்று நிலையான பெயர் வந்ததும் அந்த எழுத்தும் அட்டவணையைவிட்டுப் போய்விட்டது. இப்போது இரண்டு எழுத்துகள் இல்லை, கேள்வியும் செல்லாது. கோள்களின் துணைக்கோள் எண்ணிக்கை அதைவிட மோசம். 2023இன் தொடக்கத்தில் வியாழன் 92 துணைக்கோள்களோடு முன்னே இருந்தது. அதே ஆண்டிலேயே சனி 145ஆக உயர்ந்து முந்தியது. 2025இல் சனியின் கணக்கு 274 ஆனது. ஸ்வாஸிலாந்து 2018இல் எஸ்வாட்டினி ஆனது, மாசிடோனியா 2019இல் வட மாசிடோனியா ஆனது. புத்தகம் அச்சான ஆண்டைப் பார்க்காமல் ஒரு கேள்வியையும் எடுக்காதீர்கள்.

மாறும் தகவலை மாறாத கேள்வியாக ஆக்க ஒரு வழி இருக்கிறது: கடந்த காலத்தில் ஆணி அடித்துவிடுவது. "கசகஸ்தானின் தலைநகர் எது?" என்றால் நாளை என்ன ஆகுமோ. "2019 முதல் 2022 வரை நூர்சுல்தான் என்று அழைக்கப்பட்ட நகரம், பின்னர் தன் பழைய பெயருக்கே திரும்பியது. கசாக் மொழியில் 'தலைநகர்' என்றே பொருள்படும் அந்தப் பெயர் என்ன?" என்றால் விடை ஆஸ்தானாதான், நாளை மறுபடி பெயரை மாற்றினாலும் ஆஸ்தானாதான்.

சரிபார்ப்பதைப் பற்றிப் பேசும்போது கொலம்போ விவகாரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. கொலம்போ என்பது அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் துப்பறிவாளர். தொடரில் யாரும் அவரை முதல் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஃபிரெட் வொர்த் என்பவர் தம் பொது அறிவுக் களஞ்சியத்தில் அந்தப் பெயர் "ஃபிலிப்" என்று வேண்டுமென்றே ஒரு பொய்யை நுழைத்துவைத்தார், யாராவது தம் நூலைப் பார்த்து எழுதினால் பிடிபடட்டும் என்று. ட்ரிவியல் பர்சூட் என்ற புகழ்பெற்ற வினாடி வினா விளையாட்டில் அதே "ஃபிலிப்" விடையாக வந்தது. 1984இல் வொர்த் 30 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். விளையாட்டை உருவாக்கியவர்கள் அந்த நூலையும் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார்கள்; ஆனால் தகவல்களுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்பதால் வழக்கு நிற்கவில்லை. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது கிடக்கட்டும். அந்த விளையாட்டை வாங்கி ஆடிய எத்தனை மேசைகளில் ஒரு பொய்க்குப் புள்ளி கொடுத்திருப்பார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆகவே இரண்டு இடங்களில் பார்த்துவிட்டேன் என்பது போதாது. இரண்டாவது இடம் முதலாவதைப் பார்த்து எழுதியதா என்றும் பார்க்க வேண்டும். ஒரே வாக்கியம் சொல் மாறாமல் இரண்டு இடங்களிலும் இருந்தால் அது ஒரே சாட்சி. "விண்வெளியிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியும் ஒரே கட்டுமானம் சீனப் பெருஞ்சுவர்" என்பதை நூறு இடங்களில் படிக்கலாம். 2003இல் விண்வெளிக்குப் போன முதல் சீனரான யாங் லிவெய், தமக்கு அது தெரியவில்லை என்று திரும்பிவந்து சொன்னார்.

லீக் ஆட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருகிறேன். எல்லா மேசைகளும் ஒரே கேள்விக்குத் தாளில் விடை எழுதும் சாதாரணக் குயிஸ் இரவில் இது கிடையாது. பல லீக்குகளில் இரண்டு அணிகள் எதிரெதிரே உட்காரும், அணிக்கு நால்வர். கேள்வி ஒருவரிடம் நேராக வரும். தானே சொன்னால் இரண்டு புள்ளி, அணியோடு கலந்து சொன்னால் ஒன்று, தவறவிட்டால் எதிரணிக்குப் போனஸ். இதில் கேள்விகள் ஜோடி ஜோடியாகத்தான் போகும்: ஒன்று இந்த அணிக்கு, அடுத்தது அந்த அணிக்கு. ஜோடியில் எடை ஒத்திருக்காவிட்டால் ஆட்டத்தை வென்றது அணி இல்லை, சீட்டு.

ஒரே தலைப்பில் இரண்டு கேள்வி போட்டுவிட்டால் சமம் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். ஓர் அணிக்கு ஜப்பானின் நாணயம், மற்ற அணிக்கு மங்கோலியாவின் நாணயம். யென் எல்லாருக்கும் தெரியும்; துக்ரிக் எத்தனை பேருக்குத் தெரியும்? தலைப்பு ஒன்று, எடை வேறு. நல்ல ஜோடிக்கு எடுத்துக்காட்டு: "டபிள்யூ என்ற வேதியியல் குறியீடு எந்தத் தனிமத்துக்கு?" "கே என்ற குறியீடு எந்தத் தனிமத்துக்கு?" டங்ஸ்டனும் பொட்டாசியமும். இரண்டிலும் குறியீட்டுக்கும் ஆங்கிலப் பெயருக்கும் தொடர்பில்லை, இரண்டும் வேறு பெயர்களிலிருந்து வந்தவை, ஒன்று வோல்ஃப்ராம், மற்றது காலியம். பெரிய நகரம் வேறு, தலைநகர் வேறு என்று அமைந்த நாடுகளையும் இப்படிக் கோக்கலாம்: துருக்கிக்கு அங்காரா, கனடாவுக்கு ஒட்டாவா. நான் வைத்திருக்கும் சோதனை எளிது. ஜோடியின் இரண்டு கேள்விகளையும் ஒரு நண்பரிடம் காட்டி, "உனக்கு எது வேண்டும்?" என்று கேட்பேன். யோசிக்காமல் ஒன்றைக் காட்டினால் அந்த ஜோடியைப் பிரித்துவிடுவேன். அவர் தயங்கினால் அது நல்ல ஜோடி.

கடினம் எவ்வளவு இருக்கலாம்? பத்துக் கேள்விச் சுற்றில் முதலிடத்து அணி எட்டோ ஒன்பதோ எடுக்க வேண்டும், கடைசி அணிக்கும் நான்கைந்து கிடைக்க வேண்டும் என்பது என் அளவுகோல். யாருமே தொடாத கேள்வி இரவுக்கு ஒன்று இரண்டுக்கு மேல் வேண்டாம். கேள்வி எழுதுபவர்கள் கடினத்தைத் தவறாகக் கணிப்பதற்குக் காரணம் உண்டு: ஒரு வாரம் அந்தத் தகவலோடு வாழ்ந்திருப்பதால் நமக்கு எல்லாமே எளிதாகத் தெரியும். எழுதி முடித்துப் பத்து நாள் தாளை மூடிவைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். உங்களுக்கே இரண்டு விடைகள் மறந்துபோயிருந்தால் அவற்றின் இடத்தில் வேறு போடுங்கள்.

பிறந்த ஆண்டு, இறந்த தேதி, மக்கள்தொகை போன்ற வெறும் எண்களைக் கேட்காதீர்கள். ஆண்டு வேண்டுமென்றால் இரண்டு நிகழ்ச்சிகளைக் கொடுத்துக் கேளுங்கள்: "பெர்லின் சுவர் விழுந்தது, டிம் பெர்னர்ஸ் லீ உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். இரண்டும் ஒரே ஆண்டில். எந்த ஆண்டு?" அரசியல் தெரிந்தவரும் கணினி தெரிந்தவரும் இரண்டு பக்கத்திலிருந்து வந்து 1989இல் சந்திப்பார்கள். "இதுவா, அதுவா?" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை, ஒன்றும் தெரியாதவருக்கும் பாதி வாய்ப்பு கிடைக்கிறது.

பெயர் ஒன்று, உண்மை வேறொன்று என்ற வகைக் கேள்விகள் எந்தக் கூட்டத்திலும் எடுபடும். பனாமா தொப்பிகளின் தாயகம் ஈக்வடார். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நாம் இன்று பயன்படுத்தும் நாட்காட்டிப்படி 1917 நவம்பர் 7. நூறாண்டுப் போர் 1337 முதல் 1453 வரை 116 ஆண்டுகள் நடந்தது. விமானத்தின் கருப்புப் பெட்டி ஆரஞ்சு நிறம். கேனரி தீவுகளுக்குப் பெயர் பறவையால் வந்ததில்லை, நாயைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் வந்தது. பறவைக்குத்தான் தீவின் பெயர். இவற்றைத் தனித்தனியாகத் தாள் முழுவதும் தூவிவிடாமல் ஒரே சுற்றாக வைத்தால், மூன்றாவது கேள்வியிலேயே அணிகளுக்கு விஷயம் புரிந்து, பெயரை நம்பாமல் யோசிக்கத் தொடங்கிவிடும்.

தொடர்புச் சுற்று ஒன்றாவது வையுங்கள். நான்கு விடைகளையும் இணைக்கும் இழை ஐந்தாவது விடை. முதல் கேள்வி சிம்போராசோ, ஈக்வடார். இரண்டாவது, 2004இல் அமைதிக்கான நோபல் பெற்ற வங்காரி மாத்தாயின் நாடு, கென்யா. மூன்றாவது, ஆண்கள் உலகக் கோப்பைக் கால்பந்தை ஐந்து முறை வென்ற நாடு, பிரேசில். நான்காவது, மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்று மொனாக்கோவின் கொடியைப் போலவே கொடி வைத்திருக்கும் ஆசிய நாடு, இந்தோனேசியா. நான்கையும் இணைப்பது எது? நிலநடுக்கோடு நான்கின் வழியாகவும் போகிறது. இந்தச் சுற்றின் அழகு, பின்னோக்கி வேலை செய்வது. கென்யாவைத் தவறவிட்ட அணி இழையைக் கண்டுபிடித்ததும் திரும்பிப்போய் அந்த விடையைத் திருத்தும். இழையைத் தேடும்போது ஒன்றில் எச்சரிக்கை தேவை: எக்குவடோரியல் கினியா என்ற நாட்டின் பெயரிலேயே நிலநடுக்கோடு இருக்கிறது, ஆனால் கோடு அதன் நிலத்தைத் தொடுவதில்லை. அதன் பெருநிலப் பகுதி கோட்டுக்கு வடக்கே, அன்னோபோன் தீவு தெற்கே. அதை நான்கில் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் சுற்றே இடிந்துவிடும். தனிக் கேள்வியாக வைத்தால் அருமையான கேள்வி.

படச் சுற்று, ஒலிச் சுற்று இரண்டும் மாறுதலுக்கு நல்லவை. படம் கடைசி மேசைக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும், ஒலியை முன்கூட்டியே ஒருமுறை அந்த அரங்கிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

எழுதத் தொடங்குமுன் கையில் சிலவற்றை வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காக எனக்குப் பிடித்த மூன்றைத் தருகிறேன். ஒன்று: "கடலை அடைய இரண்டு நாட்டு எல்லைகளையாவது கடக்க வேண்டிய நாடுகள் உலகில் இரண்டே. ஐரோப்பாவில் லிக்டென்ஸ்டைன். ஆசியாவில் எது?" உஸ்பெகிஸ்தான், அதன் அண்டை நாடுகள் ஐந்தும் "ஸ்தான்" என்றே முடிகின்றன, மேசையில் வரைபடம் வரையத் தொடங்குவார்கள். இரண்டு: "அதிக நேர மண்டலங்கள் கொண்ட நாடு எது?" ரஷ்யா என்று முக்கால்வாசிப் பேர் எழுதுவார்கள், அதற்குப் பதினொன்று. கடல்கடந்த பகுதிகளையும் சேர்த்தால் பிரான்சுக்குப் பன்னிரண்டு. "கடல்கடந்த பகுதிகளையும் சேர்த்து" என்பதைக் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள். அது வேலியும் ஆகும், பிடியும் ஆகும். மூன்று: "நாற்கர வடிவில் இல்லாத ஒரே தேசியக் கொடி எந்த நாட்டுடையது?" நேபாளம். எளிதுதான். ஒவ்வொரு சுற்றின் முதல் கேள்வியும் இப்படி எளிதாக இருந்தால் எல்லா மேசைகளும் ஒரு புள்ளியோடு தொடங்கும்.

விடைத்தாளில் விடையை மட்டும் எழுதாதீர்கள். எதையெல்லாம் ஏற்பது, எதை ஏற்கக்கூடாது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். நெதர்லாந்துக்கு ஹாலந்து சொன்னால் ஏற்பதா? பிரிட்டனுக்கு இங்கிலாந்து? குடும்பப் பெயர் மட்டும் போதுமா? அயல்மொழிப் பெயர்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக உச்சரிப்பார்கள்; ஆள் இன்னார் என்று ஐயமில்லாமல் தெரிந்தால் கொடுத்துவிடலாம். ஆட்டத்தின் நடுவே, இரண்டு அணிகளும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதை முடிவு செய்ய நேர்ந்தால், எப்படி முடிவு செய்தாலும் ஒரு பக்கம் சாய்ந்ததாகத்தான் தோன்றும். நடுவரே தவறென்று நிரூபிக்கப்பட்டால் உடனே ஏற்றுக்கொண்டு, உதிரிக் கேள்வி ஒன்றை எடுத்துக் கேளுங்கள். அதற்காகவே எழுபதுக்கு மேல் எட்டுப் பத்துக் கேள்விகள் பையில் இருக்கட்டும்.

முந்தின நாள் மாலை முழுத் தாளையும் ஒருவரிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். எங்கே அவர் "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்கிறாரோ, அந்தக் கேள்வியை உடைத்து எழுதுங்கள்.

கடைசியாக, புள்ளிகள் சமமாக முடிந்தால் தேவைப்படும் டை பிரேக்கர். யாருக்கும் துல்லியமாகத் தெரியாத, ஆனால் எல்லாராலும் கணக்குப் போட்டு நெருங்கக்கூடிய ஓர் எண்ணாக அது இருக்க வேண்டும். யார் அருகில் வருகிறார்களோ அவர்கள் வென்றார்கள். நான் வைத்திருப்பது: "சூரியனிலிருந்து புறப்பட்ட ஒளி பூமிக்கு வந்துசேர, சராசரியாக எத்தனை வினாடிகள் ஆகும்?" எட்டு நிமிடம் என்பது பலருக்கும் நினைவிருக்கும், 480 என்று உடனே எழுதுவார்கள். எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் என்று நினைவுள்ள அணி 490 என்றோ 500 என்றோ போய்விடும். விடை 499.